இணையச் சந்தாவும் வாசகரின் அந்தரங்கமும்

பத்திரிகையை இணையத்தில் வாசிப்பதற்குச் சந்தா கட்டும் வழக்கம் எம்மவர் மத்தியிலும் மெல்ல மெல்லப் பரவி வருகின்றது. அச்சில் உள்ள பக்கங்களை அவ்வாறே மின்னிதழாகப் பார்ப்பதற்கும், பழைய இதழ்களைத் தேடி எடுப்பதற்கும், விளம்பரத் தொல்லையின்றிப் படிப்பதற்கும் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தொகை அறவிடப்படுகின்றது. பணம் செலுத்துவதற்கு முன் ஒரு படிவம் திரையில் தோன்றும். பெயர், மின்னஞ்சல், கைத்தொலைபேசி இலக்கம், முகவரி, சில இடங்களில் பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்ற விபரம் ஆகியவை கேட்கப்படும். அதன் அடியில் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்வதாக ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் அடையாளமிடாமல் மேலே செல்ல முடியாது. அந்த நிபந்தனைகளைத் திறந்து வாசித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் கைவிரல்கள் போதும் எண்ணுவதற்கு.

அங்கே கொடுக்கப்படும் விபரங்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கின்றனர், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகின்றன என்ற கேள்விகள் உலகமெங்கும் கேட்கப்படுபவை. எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவற்றுக்குத் தனியான கனம் உண்டு.

அச்சுப் பத்திரிகையின் காலத்தில் சந்தா என்பது முகவரின் கொப்பியில் எழுதப்பட்ட ஒரு வரி. வீட்டுக்காரரின் பெயர், ஒழுங்கையின் பெயர், மாத முடிவில் வர வேண்டிய காசு, அவ்வளவுதான். பத்திரிகை அலுவலகத்துக்கு அந்தப் பெயர் கூடப் பெரும்பாலும் தெரியாது. இன்ன சந்தி முகவருக்கு இத்தனை பிரதிகள் என்பதே அங்குள்ள கணக்கு. வாங்கியவர் முதலில் மரண அறிவித்தலைப் பார்த்தாரா, ஆசிரிய தலையங்கத்தைப் பார்த்தாரா, எந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தார் என்பது வாங்கியவரோடு நின்றது. ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் வாசித்துவிட்டுப் போவார்கள். அவர்களின் பெயரை எவரும் எழுதி வைத்ததில்லை. அந்தரங்கம் என்ற சொல்லை உச்சரிக்காமலே அந்த ஏற்பாடு அதனைக் காத்து நின்றது.

இணையத்தளம் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றது. ஒரு பக்கத்தை ஒருவர் திறந்ததும் அவருடைய இணைப்பின் ஐ.பி. முகவரி, நேரம், பயன்படுத்தும் கருவி, திறந்த பக்கம் ஆகியவை தளத்தை வைத்திருக்கும் கணினியின் பதிவேட்டில் தாமாகவே எழுதப்படுகின்றன. அத்துடன் ‘குக்கி’ எனப்படும் சிறு கோப்பொன்று வாசகரின் கருவியில் வைக்கப்படுகின்றது. 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ருலி என்பவர் உருவாக்கிய உத்தி இது. ஒரு தளத்துக்கு மீண்டும் வருபவரை அத்தளம் அடையாளங் காண்பதற்காகவே அது முதலில் பயன்பட்டது. இன்றும் சந்தாதாரர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல்லை எழுதாமல் வாசிக்க முடிவது அதனால்தான். ஆகவே குக்கி எல்லாமே தீயது என்று எண்ணுவது தவறு.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒரு செய்திப் பக்கத்தில் அந்தப் பத்திரிகையின் எழுத்தும் படமும் மட்டும் இருப்பதில்லை. எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவதற்குக் கூகுள் அனலிட்டிக்ஸ், விளம்பரத்துக்குப் பல நிறுவனங்கள், பகிர்வதற்குப் பேஸ்புக் எனப் பிறருடைய நிரல்களும் அதே பக்கத்தில் குடியிருக்கின்றன. பக்கம் திறக்கும் பொழுது அந்நிறுவனங்களுக்கும் தகவல் போகின்றது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கட்டுரையையோ ஒரு நோய் பற்றிய குறிப்பையோ ஒருவர் வாசித்தார் என்பது, பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியுமோ இல்லையோ, கடல் கடந்த விளம்பர நிறுவனமொன்றுக்குத் தெரிந்துவிடக்கூடும். சந்தாதாரருக்கு அனுப்பப்படும் மின்னஞ்சலில் கூட, அது திறக்கப்பட்டதா என்று அறிவிக்கும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் படம் பொதிந்திருப்பதுண்டு.

வாசகர்கள் அதிகம் அஞ்சுவது கடனட்டை விடயத்திலேதான். உண்மையில் முறையாக நடத்தப்படும் தளங்களில் அட்டை இலக்கம் பத்திரிகையின் கணினிக்கு வந்து சேர்வதில்லை. வங்கியோ பணக் கொடுப்பனவுச் சேவையோ நடத்தும் தனிப்பக்கத்தில் அது எழுதப்படுகின்றது. பணம் கிடைத்தது என்ற செய்தியும் ஒரு கொடுக்கல் இலக்கமும், பெரும்பாலும் அட்டையின் இறுதி நான்கு எண்களுமே பத்திரிகைக்குத் திரும்பி வருகின்றன. அட்டை களவு போனாலும் வங்கிக்கு அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். பெயரையும் முகவரியையும் வாசித்த கட்டுரைகளின் வரிசையையும் அப்படி மாற்ற முடியாது. அதாவது, அச்சம் குறைவாக உள்ள இடத்திலேயே ஆபத்து கூடுதலாக உள்ளது.

பெயர் என்பதை மேலும் சற்று நோக்க வேண்டும். இலங்கையில் ஒருவருடைய பெயரைக் கேட்டதும் அவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகின்றது. இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடும் பல வேளைகளில் தெரியும். அதனுடன் ஊரும் குறிச்சியும் சேர்ந்தால் எழுதாத வேறு விபரங்களையும் ஊகித்துக் கொள்பவர்கள் எம்மிடையே உள்ளனர். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கும் தளங்களும் உண்டு. அந்த இலக்கத்தின் முதற் பகுதி பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும்; பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த ஓர் இலக்கத்தைக் கொடுத்தவர் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே கொடுத்தவராகின்றார். பத்திரிகை வாசிப்பதற்கு இது ஏன் தேவை என்பதற்கு இதுவரை ஒரு நல்ல விளக்கமும் எமது கண்ணில் படவில்லை.

பட்டியல் என்ற சொல் இந்த மண்ணில் வெறும் எழுத்துக் கோவை அன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேற விரும்பியவர்கள் விடுதலைப் புலிகளின் ‘பாஸ்’ பெறுவதற்காகப் படிவங்களை நிரப்பிப் பிணை காட்ட வேண்டியிருந்தது. பின்னர் இராணுவத்தின் குடும்பப் பதிவுகளும் குடும்பப் படங்களும் வந்தன. போர் முடிந்த பின்னரும் யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களில் அப்பதிவு தொடர்ந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அதனை நிறுத்துவதாக 2011 மார்ச்சில் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றில் உறுதியளித்தது.

பட்டியலில் பெயர் இல்லாததால் பட்ட துன்பமும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள், புத்தளம் முகாம்களில் வாழ்ந்துகொண்டு சோனகத் தெருவில் தமக்கு வீடு இருந்தது என்பதை நிரூபிப்பதற்குத் தாள்களைத் தேடி அலைந்தனர். ஓரிடத்து வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் மற்ற இடத்து உரிமை கேள்விக்குள்ளாகியது. ஆகவே பட்டியலே கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. அது எதற்காக எடுக்கப்பட்டது, யார் கையில் இருக்கின்றது, எடுத்த நோக்கத்துக்கு அப்பால் பயன்படுகின்றதா என்பவையே விடயம்.

வாசிப்பவர்களின் பட்டியலில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையை விநியோகிப்பதே ஆபத்தாக இருந்த நாள்கள் நெடுந்தொலைவில் இல்லை. 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்தினுள் புகுந்தோர் சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2009 ஜூனில் உதயன், வலம்புரி, தினக்குரல் ஆகியவற்றின் பிரதிகள் பறிக்கப்பட்டு வீதியில் எரிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் விநியோகப் பணியாளர் தாக்கப்பட்டுப் பிரதிகள் தீயிடப்பட்டன. எழுத்தின் பேரால் சிறை சென்றவர்களும் உளர். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளங் கவிஞர், ‘நவரசம்’ என்ற தமது தமிழ்க் கவிதை நூலைக் காரணங்காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் தெரியாதவர்கள் தமிழ் எழுத்தைச் சந்தேகிக்கும் நாட்டில், ஒருவர் எவற்றை வாசிக்கிறார் என்ற பதிவேடு பொல்லாத கையில் சேர்ந்தால் அதற்கு என்ன பொருள் கற்பிக்கப்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சந்தாதாரர் பதிவேடே இலக்காகிய நிகழ்ச்சி பிரான்சில் நடந்தது. ‘சார்லி எப்டோ’ என்ற கேலிப் பத்திரிகையின் போக்கை எமது முஸ்லிம் வாசகர்கள் மட்டுமன்றி வேறு பலரும் வெறுக்கின்றனர்; அதற்குக் காரணமும் உண்டு. 2015 ஜனவரி 7ஆம் திகதி அதன் அலுவலகத்தின் மீதான தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டதை அந்த வெறுப்பு நியாயப்படுத்திவிடாது. 2023 ஜனவரியில் அப்பத்திரிகையின் ஏறத்தாழ 2 இலட்சம் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, வீட்டு முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கவர்ந்துவிட்டதாக ஒரு குழு அறிவித்து, 20 பிட்கொயினுக்கு விலை பேசியது. மாதிரியாக வெளியிடப்பட்ட பகுதி மெய்யானதே என்பதை ‘லு மொந்த்’ உறுதிப்படுத்தியது. ஈரானிய அரசுடன் தொடர்புடைய குழுவே இதனைச் செய்தது என மைக்ரோசொப்ட் அடுத்த மாதம் கூறியது. அந்த 2 இலட்சம் பேரும் எழுதியவர்கள் அல்லர், வரைந்தவர்களும் அல்லர். காசு கட்டிப் பத்திரிகை வாங்கியவர்கள். அவர்களுடைய வீட்டு விலாசமே விற்பனைப் பொருளாயிற்று.

இதே சிக்கலை நூலகர்கள் எம்மைவிட முன்னரே சந்தித்து ஒரு வழியையும் கண்டுள்ளனர். வாசகர் எந்த நூலை எடுத்தார் என்பதை இரகசியமாகக் காப்பது நூலகரின் கடமை என்ற கொள்கை அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1939ஆம் ஆண்டு ஒழுக்கக் கோவையிலேயே இடம்பெற்றது. 2001 செப்டெம்பர் தாக்குதலின் பின் வந்த ‘பேற்றியற்’ சட்டம் நூலகப் பதிவுகளையும் கேட்டுப் பெற இடமளித்தபோது, பல நூலகங்கள் அரசுடன் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. நூல் திரும்பி வந்ததும் அதனை எடுத்தவரின் பெயரை அதிலிருந்து நீக்கிவிடும் வழக்கத்தைக் கடைப்பிடித்தன. இல்லாத பதிவை எவராலும் கேட்டுப் பெற முடியாது. பத்திரிகைத் தளங்களுக்கும் இதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை என்பதே எமது கருத்து. பூட்டு எவ்வளவு நல்லதாயினும் உடைபடும். நீதிமன்றக் கட்டளை வந்தால் திறந்தே ஆக வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், நீதவானின் பிடியாணையுடன் சேவை வழங்குநரிடமிருந்து சந்தாதாரர் தகவல்களைப் பெறுவதற்கு ஏற்கெனவே வழி செய்துள்ளது. கேட்க முடியாதது ஒருபோதும் எழுதப்படாததே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கெனத் தனி உறுப்புரை இல்லை. அயலில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி அதனை அடிப்படை உரிமை என ஏற்றனர். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிரதான கடமைகள் 2025 மார்ச் 18ஆம் திகதி தொடங்கவிருந்த வேளையில் பிற்போடப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் திருத்தச் சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. காகிதத்தில் நல்ல சட்டமே. சேகரிப்பதற்கு நோக்கம் இருக்க வேண்டும், நோக்கம் முடிந்தால் வைத்திருக்கக் கூடாது, தன்னைப் பற்றி என்ன இருக்கின்றது என்று கேட்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் சம்மதத்தை மீளப் பெறவும் உரிமை உண்டு, மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம் என்றெல்லாம் அது கூறுகின்றது. இனம், மதம், அரசியற் கருத்து ஆகியவற்றை வெளிப்படுத்தும் தரவுகளுக்குக் கூடுதல் காப்பும் அதில் உண்டு. பெயரிலேயே இனமும் மதமும் தெரியும் நாட்டில் ஒரு சாதாரண சந்தாப் பட்டியல் இந்த வகைக்குள் வருமா என்ற வினாவை அதிகாரசபை தீர்க்க வேண்டியிருக்கும்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. செய்தி திரட்டும் பணிக்குத் தெளிவான விலக்கு அதில் இல்லை எனப் பத்திரிகையாளர் அமைப்புகள் அக்காலத்திலேயே ஆட்சேபித்தன. ஊழலில் ஈடுபட்டவர் தமது பெயரைத் தனிப்பட்ட தரவு என்று சொல்லி நீக்கக் கேட்டால் என்ன செய்வது? கருத்துச் சுதந்திரத்தையும் தகவலறியும் உரிமையையும் கருதி விலக்கு அளிக்கலாம் என ஒரு பிரிவு கூறுகின்றதாயினும், அது ஒழுங்குவிதிகளை நம்பியே நிற்கின்றது. தேசிய பாதுகாப்பின் பேரிலான விலக்கும் அதே பிரிவில்தான் இருக்கின்றது. யாருக்கு எது முதலில் கைகொடுக்கும் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம்.

குடாநாட்டுப் பத்திரிகைகளின் இணைய வாசகர்களில் ஒரு பெரும் பகுதியினர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, ‘லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்’, ‘சிக்காகோ ரிபியூன்’ போன்ற பெரிய பத்திரிகைகள் இணங்கி நடக்க ஆயத்தமில்லாமையால் ஐரோப்பிய வாசகர்களுக்குத் தமது தளத்தையே மூடின. பாரிசில் உள்ளவரிடம் சந்தா வாங்கும் பத்திரிகை, அதன் அச்சகம் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், அந்த ஒழுங்குவிதியின் எல்லைக்குள் வருகின்றது. ஊரில் உள்ள தகப்பனுக்காக வெளிநாட்டு மகன் தனது அட்டையால் சந்தா கட்டும்போது ஒரே பதிவில் இரண்டு நாட்டுச் சட்டங்கள் சந்திக்கின்றன.

சந்தாவை விடப் பெரிய தரவுக் களஞ்சியம் ஒன்று எமது பத்திரிகைகளிடம் உண்டு. அதுவே மரண அறிவித்தல். பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், சகோதரர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொருவரும் வாழும் நாடு, தொடர்புக்கு நாலைந்து தொலைபேசி இலக்கங்கள் என ஒரு குடும்பத்தின் முழு விருட்சமும் அதில் விரிகின்றது. அச்சில் வந்த காலத்தில் மறுநாள் அது சாமான் சுற்றும் தாளாகியது. இணையத்தில் அது ஆண்டுக் கணக்காகக் கிடந்து, தேடுபவர் எவருக்கும் அகப்படுகின்றது. மகன் எந்த நாட்டில், தாய் எந்த ஊரில் என்று அறிந்துகொண்டு பணம் கேட்டு அழைக்கும் ஏமாற்றுக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? 2022ஆம் ஆண்டுச் சட்டம் தரவுக்குரியவர் என்பதில் உயிரோடிருப்பவரை மட்டுமன்றி இறந்தவரையும் சேர்த்துள்ளமை கவனிக்கத்தக்கது. 31ஆம் நாள் கிரியைகள் முடிந்ததும் தொலைபேசி இலக்கங்களையாவது தளத்திலிருந்து நீக்கிவிடுவது பெரிய வேலையன்று.

இதே விளம்பரப் பக்கத்திலேயே எமது முன்னோடிகள் அந்தரங்கம் காத்த முறையும் இருக்கின்றது. மணமகன், மணமகள் தேவை என்ற விளம்பரங்களில் பெயரும் விலாசமும் வராது. பெட்டி இலக்கம் ஒன்றே வரும். சாதகக் குறிப்புடன் வரும் கடிதங்களை விளம்பரப் பகுதி எழுத்தர் உறை பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்பார். இன்னார்தான் விளம்பரம் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாய் திறப்பதில்லை. எந்தச் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்தியதில்லை. இணையப் பகுதியைப் பொறுப்பேற்கும் இளைஞர்களுக்கு மென்பொருளைக் கற்பிக்கும் முன் இந்த எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சந்தா வாங்கும் தளம் ஒன்று செய்யக்கூடியவை பல. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போதுமாயின் முகவரியைக் கேளாதிருக்கலாம். காசு கட்டியவரின் பக்கங்களில் விளம்பர நிறுவனங்களின் நிரல்களை நீக்கலாம். காசும் வாங்கி வாசகரையும் விற்பது இரட்டை வியாபாரம். யார் எதை வாசித்தார் என்ற பதிவைச் சில வாரங்களில் அழித்து, இந்தக் கட்டுரையை இத்தனை பேர் வாசித்தனர் என்ற தொகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சந்தா முடித்தவரின் பெயரை, கணக்காய்வுக்குத் தேவையான பற்றுச்சீட்டுத் தவிர, எடுத்துவிடலாம். அந்தரங்கக் கொள்கையைத் தமிழில் எழுதலாம். வெளிநாட்டுத் தளமொன்றின் ஆங்கிலப் பக்கத்தை அப்படியே பிரதி செய்து ஒட்டிவிட்டுத் தமிழ் வாசகரிடம் சம்மதம் பெற்றோம் என்பது கேலிக்குரியது. விளங்கக்கூடிய முறையில் அறிவிக்க வேண்டும் என்றே எமது சட்டமும் சொல்கின்றது.

வாசகர் தாமாகவே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகத் தளத்துக்கு அறிவித்துப் பாருங்கள். புதிய சொல்லை அமைக்கும் வழி மின்னஞ்சலில் வந்தால் நன்று. பழைய சொல்லே எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தால், அதனை அவர்கள் உள்ளவாறே எழுதி வைத்திருக்கின்றனர் என்பது பொருள். அத்தளத்தில் வங்கிக்குப் பாவிக்கும் சொல்லைப் பாவிக்க வேண்டாம். கொமினிக்கேசன் கடைக் கணினியில் மின்னிதழைத் திறந்தவர்கள் வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் எழுந்து வரக் கூடாது. வீட்டில் ஒரே கைத்தொலைபேசியைத் தாயும் பிள்ளைகளும் பாவிக்கும் இடங்களில், தாய் வாசித்த செய்திக்கேற்ற விளம்பரம் பிள்ளையின் பாடத்துக்கு நடுவே தோன்றுவது எப்படி என்று இப்போது விளங்கியிருக்கும்.